கடற்கரையா, மண்டபத்துக்குப் பக்கமா: ஒரு பினாங்கு திருமணத்தின் விருந்தினர் ஏற்பாடு

பெண் வீட்டார் மூன்று தலைமுறையாகப் பினாங்கில் இருப்பவர்கள். மாப்பிள்ளை வீடு திருச்சி. மாப்பிள்ளைக்கு வேலை சிங்கப்பூரில். கல்யாணம் பெண் வீட்டார் ஊரிலேயே என்று பேசி முடித்தபிறகு தமிழ்நாட்டிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று பட்டியல் போட்டார்கள். அது எண்பது பேரைத் தாண்டிவிட்டது. ஏறக்குறைய பாதிப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பலருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

வெளியூரிலிருந்து திருமணத்துக்கு வருகிறவர்களின் தங்குமிடத்தையும் வண்டியையும் கவனிப்பது பினாங்கில் என் தொழில். இரண்டு வீட்டாரும் சம்மதித்ததால் இந்த ஏற்பாடு எப்படிப் போனது என்பதை முழுவதுமாக எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் விடுதிகளின் பெயரும் இதில் வராது. வெளிநாட்டில் கல்யாணம் வைக்கிறவர்கள் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். மூட்டு வலியோடு எட்டாயிரம் ரூபாய் பட்டுச்சேலையை மடித்து எடுத்துக்கொண்டு கடல் தாண்டி வரும் அத்தைக்கு, அந்தக் கல்யாணம் எப்படி இருந்தது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் படுக்கையும் வண்டியும்தான்.

முதலில் தேதி. தை மாதம் வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். பினாங்கில் தை மாதம் சுலபமில்லை. 2025ஐ எடுத்துக்கொண்டால் சீனப் புத்தாண்டு ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. இரண்டுக்கும் ஊர் நிரம்பி வழியும். முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைப் பக்கத்துச் சாலைகள் தைப்பூசத்துக்கு மூடப்படும். மண்டபமோ அந்தப் பக்கத்தில்தான். அதனால் ஆவணிக்குப் போனார்கள். ஆவணியிலும் ஆகஸ்ட் 31 தேசிய நாள், செப்டம்பர் 16 மலேசிய நாள் என்று இரண்டு விடுமுறைகள் உண்டு. அவற்றை ஒட்டிய வார இறுதியில் கோலாலம்பூர்க் குடும்பங்கள் பினாங்குக்குக் கிளம்பிவிடும். அறை வாடகை ஏறும். அந்த இரண்டையும் தவிர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைந்தது.

எத்தனை மணிக்கு முகூர்த்தம்?

இந்தக் கேள்விக்கே மூன்று பதில் இருந்தது. திருச்சியில் குடும்ப ஜோசியர் காலை 6.00 முதல் 7.30 வரை என்று எழுதிக் கொடுத்திருந்தார். மலேசியக் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் பெரியப்பா ஒருவர் அதோடு இரண்டரையைக் கூட்டி, 8.30 என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அழைப்பிதழின் முதல் மாதிரியில் 6.00 என்றே இருந்தது.

இரண்டுமே பொருந்தாது. லக்னம் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை ஒட்டி வருவது. கிழக்கே வெகுதூரத்திலுள்ள தீர்க்கரேகையின் நேரத்தை மலேசியா பின்பற்றுகிறது. அதனால் பினாங்கில் ஆவணி மாதம் பொழுது விடிய 7.10 ஆகிவிடும், திருச்சியில் அப்போது உதயம் 6.05 வாக்கில். ஆக, கடிகாரத்தில் ஒரு மணி நேரம்போலத்தான் தள்ளும். பினாங்கு குருக்கள் உள்ளூர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து 7.15 முதல் 8.30 வரை என்று குறித்தார். திருச்சி ஜோசியரிடமும் தொலைபேசியில் பேசி அவரும் ஒத்துக்கொண்டபிறகே அச்சுக்குப் போனது.

ராகு காலமும் இப்படித்தான். ஞாயிறு என்றால் மாலை 4.30–6.00 என்று நம் வீடுகளில் மனப்பாடம். அது ஆறு மணி உதயத்துக்கான கணக்கு. பினாங்கில் ஏறக்குறைய ஆறிலிருந்து ஏழரை வரை விழும். மாலை வரவேற்பு ஏழு மணிக்கு என்று வைத்திருந்தார்கள்! மணமக்கள் மேடை ஏறுவதை 7.45க்குத் தள்ளினோம். ராகு காலத்தில் வாசல் தாண்ட மாட்டேன் என்கிற பெரியவர்களுக்காக 5.30க்கே ஒரு வண்டி போட்டோம். இதெல்லாம் ஜோசியச் சமாச்சாரம், தங்குமிடத்துக்கும் இதற்கும் என்ன என்று தோன்றலாம். வண்டி எத்தனை மணிக்கு என்பது தெரியாமல் விடுதி எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதை முடிவு செய்ய முடியாது. 7.15க்குத் தாலி கட்டு என்றால் மணமக்கள் 4.30க்கு விடுதியைவிட்டுக் கிளம்ப வேண்டும், விருந்தினர்கள் 6.15க்கு, இருட்டில்.

பத்து ஃபெரிங்கி வேண்டாம் என்றது ஏன்

என்னிடம் வேலை வந்தபோது பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைப் பகுதியில் ஒரு விடுதியில் 34 அறைகளுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளையின் நண்பர்கள் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். அழகான இடம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தீவின் வடக்குக் கரையில் இருக்கிறது; விமான நிலையம் தென்கிழக்கே பாயான் லெப்பாஸில். இரண்டுக்கும் முப்பது கிலோமீட்டர் போல. ஒரு மணி நேரம் ஆகும், மாலையானால் இன்னும் கூடும். தஞ்சோங் பூங்காவைத் தாண்டினால் மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் சாலை. அதில் பேருந்தில் போனால் வயிறு புரட்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். வார இறுதி மாலையில் சுற்றுலாக் கூட்டமும் இரவுச் சந்தையும் சேர்ந்து அந்தச் சாலை நகராது.

விடியற்காலையில் அந்தச் சாலை காலியாக இருக்கும், அரை மணியில் மண்டபம் போய்விடலாம் என்று மாப்பிள்ளையின் நண்பர் வாதாடினார். அது உண்மை. என் கவலை மதியத்தைப் பற்றியது. முகூர்த்தம் முடிந்து பந்தி எழும்போது பதினொன்று, பன்னிரண்டு. மாலை வரவேற்புவரை ஆறு மணி நேரம் இருக்கிறது. மூன்றரைக்கு எழுந்து குளித்தவர்களுக்கு அப்போது படுக்க வேண்டும். சேலை மாற்ற வேண்டும், மாத்திரை போட வேண்டும், குழந்தையைத் தூங்கவைக்க வேண்டும். பத்து ஃபெரிங்கி என்றால் இந்த இடைவேளைக்கு மட்டும் எண்பது பேரையும் கொண்டுபோய்விட்டு, மாலை நெரிசலில் திரும்ப அழைத்து வர வேண்டும். இல்லையென்றால் மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்காரவைக்க வேண்டும்.

மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டு கடலைப் பார்க்காமலா போவாங்க?” நியாயமான ஆசை. திங்கட்கிழமை போகட்டும், தாலி கட்டி முடித்த மறுநாள் கடல் இன்னும் நன்றாக இருக்கும் என்றேன். கடைசியில் அந்த விடுதியில் ஒன்பது அறைகளை மட்டும் ஞாயிறு தாண்டிய இரண்டு இரவுகளுக்கு மாற்றி வைத்துக்கொண்டோம். விரும்புகிறவர்கள் அவரவர் செலவில். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்ததில், வருகைக்கு நாற்பத்தைந்து நாளுக்கு முன் வரை அறைகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கெடுவுக்குள் எழுதிக் கேட்டதால் முன்பணத்தைப் புதிய தேதிகளுக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். குழுவாக அறை பிடிக்கிறவர்கள் வாடகையைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கெடுவைத்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் எண்பது என்றால் கடைசியில் வருவது எண்பது இருக்காது. ஒருவருக்குப் பாஸ்போர்ட் வராது, ஒருவருக்கு விடுப்பு கிடைக்காது.

பெண்ணின் அண்ணனுக்கு இன்னொரு யோசனை: ஜார்ஜ் டவுன் பழைய பகுதியில், கடைவீடுகளைப் புதுப்பித்த சின்ன விடுதிகள். 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி அது. லிட்டில் இந்தியாவும் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரம். இளைஞர்களுக்கு அதைவிட நல்ல இடம் பினாங்கில் கிடையாது. ஆனால் அந்தக் கட்டடங்களில் செங்குத்தான மரப்படி இருக்கும், மின்தூக்கி இருக்காது. தெரு குறுகல், பெரிய பேருந்து நிற்க முடியாது. மாப்பிள்ளையின் நண்பர்கள் மட்டும் அங்கே தங்கினார்கள்.

அடுக்குமாடி வீடுகளை நாள்வாடகைக்கு எடுக்கலாமே என்று சித்தப்பா ஒருவர் சொன்னார். சமையலறை இருக்கும், செலவும் குறையும் என்பது அவர் கணக்கு. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அப்படிக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுவதைக் குடியிருப்பின் நிர்வாகம் தடுக்கலாம் என்று 2020ல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் காவலாளி கேட்டில் நிறுத்தி, இங்கே அனுமதி இல்லை என்று சொன்னால், பெட்டியோடு நிற்கும் தாத்தாவை எங்கே கொண்டுபோவது?

கடைசியில் புலாவ் டிக்குஸ் பக்கம், பர்மா சாலையை ஒட்டி நான்கு நட்சத்திர விடுதி ஒன்று அமைந்தது. மண்டபம் பத்து நிமிடம். மின்தூக்கி உண்டு, பேருந்து வாசல்வரை வரும், கீழே இறங்கினால் மருந்துக்கடை, அதே சாலையில் அட்வென்டிஸ்ட் மருத்துவமனை. சாளரத்தைத் திறந்தால் தெரிவது எதிர்க்கட்டடத்தின் சுவர்தான். அதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

யார் எதற்குப் பணம் தருவது

இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தால் வரும் மனக்கசப்பு வருடக்கணக்கில் நீடிக்கும். விமான டிக்கெட் அவரவர் பொறுப்பு, பினாங்கில் இறங்கியதிலிருந்து திங்கள் காலைவரை தங்குவதும் சாப்பாடும் வண்டியும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு என்று முடிவாயிற்று. அதை அழைப்பிதழோடு ஒரு தனித் தாளில் எழுதினோம்: “வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் உங்களுக்கு அறை எங்கள் செலவு. அதற்கு மேல் தங்க விரும்பினால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதே வாடகைக்கு எடுத்துத் தருகிறோம். அந்தச் செலவு மட்டும் உங்களுடையது.” அதைப் படித்த மாப்பிள்ளையின் அத்தை, இப்படித் தெளிவாகச் சொன்னதால்தான் எங்களால் திட்டம் போட முடிந்தது என்றார்.

வாடகையில் சேராத ஒன்று சுற்றுலா வரி. 2017 செப்டம்பர் முதல் மலேசிய விடுதிகளில் வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். ஆளுக்கு இல்லை, அறைக்கு. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் கிடையாது. இதை விடுதிக் கவுண்டரில் அறைக்கு வருகிறவரிடம்தான் கேட்பார்கள். 34 அறை, மூன்று இரவு என்றால் 1,020 ரிங்கிட். பினாங்கில் இதற்கு மேல் உள்ளூர்க் கட்டணமும் சிறிது உண்டு. தொகை பெரிதில்லை. ஆனால் அழைத்துவிட்டு வாசலிலேயே பணம் கேட்கிறார்களே என்று ஒரு பெரியவர் நினைத்துவிட்டால் போயிற்று. அதனால் மொத்தத்தையும் முன்னரே கட்டிவிட்டோம். அறைக்கு இவ்வளவு என்று கேட்கும் காப்புத்தொகையும் அப்படியே. கடன் அட்டை இல்லாதவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

ஓர் அறையில் எத்தனை பேர் என்பதும் முன்பே பேச வேண்டிய விஷயம். ஊரில் ஒரே அறையில் பாய் விரித்து ஐந்து பேர் படுத்துக்கொள்வோம். இங்கே பெரும்பாலான அறைகள் இரண்டு பேருக்கு. காலைச் சாப்பாடும் இரண்டு பேருக்குத்தான் எழுதியிருப்பார்கள். ஐந்து பேர் உள்ள குடும்பங்களுக்கு நடுக்கதவு உள்ள இரண்டு அறைகளைக் கொடுத்தோம். தனியாக வரும் விதவைப் பெரியம்மாக்களை யாரோடு சேர்ப்பது என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டு எழுதினேன். யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும்.

டிக்கெட், தாள்கள், எல்லையில் கேட்கும் கேள்வி

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை மலேசியாவில் விசா வேண்டாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். விசா வேண்டாம் என்றதும் ஒன்றுமே வேண்டாம் என்று புரிந்துகொள்கிறார்கள், அங்கேதான் சிக்கல். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். 2024 ஜனவரி முதல் மின்னணு வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது வேறு யாரோ. கைபேசியில் தட்டத் தெரியாத பெரியவர்கள் எல்லாருக்கும் திருச்சியில் ஒரு கல்லூரி மாணவி, மாப்பிள்ளையின் அத்தை மகள், உட்கார்ந்து நிரப்பி, அச்செடுத்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொடுத்தாள். இந்தத் திருமணத்தில் அந்தப் பெண் செய்த உதவிக்கு ஈடே இல்லை.

குடிநுழைவு அதிகாரி எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய், யார் அழைத்தது என்று கேட்பார். குறிப்பாகத் தனியாக வரும் இளைஞர்களை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. குழுவாக அறை பிடித்தால் 34 அறையும் ஒருவர் பெயரில் இருக்கும். வருகிறவர் கையில் தன் பெயர் போட்ட தாள் ஒன்றும் இருக்காது. அதனால் விடுதியிடம் கேட்டு, அவர்கள் முகவரித்தாளில் எல்லார் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அச்சிட்ட கடிதம் வாங்கி, ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பினோம். அதோடு அழைப்பிதழ், திரும்பும் டிக்கெட், பெண்ணின் அப்பாவுடைய தொலைபேசி எண். வந்து இறங்கிய நாளில் இரண்டு பையன்களை ஓரமாக நிறுத்தி விசாரித்தார்கள். கடிதத்தைக் காட்டியதும் சில நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

இந்தியப் பக்கத்திலும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவை, என்று இருக்கும். அந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வேலைக்குப் போகாமல் கல்யாணத்துக்குப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் சென்னையிலேயே கேள்வி வரும். அழைப்பிதழும் திரும்பும் டிக்கெட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட வேண்டாம். நகை நிறையப் போட்டு வருகிறவர்கள் கிளம்பும்போதே இந்தியச் சுங்கத்தில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது இது எங்கே வாங்கியது என்ற கேள்விக்கு இடமிருக்காது. நேரம் எடுக்கும், அதனால் விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோவின் நேரடி விமானம் 2024 டிசம்பர் 21 அன்று தொடங்கியது. எங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் அதில்தான் வந்தார்கள். வயதானவர்களுக்கு நேரடி விமானத்தை நான் வற்புறுத்தியே சொல்வேன். திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வர வேண்டியிருந்தாலும் சரி. அதில் ஒரே சங்கடம், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல் கிளம்பும் விமானம். டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை என்று இருந்தால் வியாழன் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் வெள்ளி இரவு போகலாம் என்றுதான் இருந்தது. எல்லாருக்கும் அனுப்பிய செய்தியில் “வியாழன் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்தரைக்குள் விமான நிலையம்” என்று கிழமை போட்டு எழுதியிருந்ததைப் பார்த்து, சரிதானா என்று கேட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது.

திருச்சியிலிருந்தே கிளம்புகிறேன் என்றவர்கள் கோலாலம்பூர் வழியாக வந்தார்கள். அங்கே குடிநுழைவு முடித்து, உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரம். டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது. பன்னாட்டு விமான நிலையத்தில் முதல் முனையம், இரண்டாம் முனையம் என்று இரண்டு உண்டு, நடுவே ரயில் ஏற வேண்டும். ஒரு மருமகன் மலிவு என்று வாங்கிய டிக்கெட்டோ சுபாங்கிலிருந்து! அதுவும் கோலாலம்பூர் விமான நிலையம்தான், ஆனால் வேறு இடத்தில், காரில் ஒரு மணி நேரத் தூரத்தில். நேரம் போதாது என்று பார்த்ததும் டிக்கெட்டை மாற்றச் சொன்னேன். ரயிலில் வர விரும்பினால் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரம்போல, அங்கிருந்து ஃபெரியில் ஜார்ஜ் டவுன். பகலில் அந்தப் பயணம் அருமையானது. பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் வேண்டாம்.

கொண்டுவர வேண்டாதவை பற்றியும் எழுதி அனுப்பினோம். தேங்காய், வெற்றிலை, மாவிலை, முளைப்பாலிகைக்கு விதை என்று ஆசையாகக் கட்டி எடுப்பார்கள். செடி, விதை, பழம் இவற்றுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் மலேசியாவுக்குள் விடமாட்டார்கள். அத்தனையும் லிட்டில் இந்தியாவில் கிடைக்கும், மாலையும் அங்கேயே கட்டித் தருவார்கள். அப்புறம், அடுத்தவர் கொடுக்கும் பொட்டலம் எதையும், உறவுக்காரரே கொடுத்தாலும், உள்ளே என்ன என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. போதைப்பொருள் விஷயத்தில் மலேசியச் சட்டம் கடுமையானது.

இறங்கிய நாளும் கல்யாண நாளும்

வெள்ளி காலை எட்டரைக்கு இறங்கினார்கள். அறை கிடைப்பதோ மதியம் மூன்று மணிக்கு. இரவெல்லாம் தூங்காத எழுபது வயதுக்காரரை ஆறு மணி நேரம் விடுதிக் கூடத்தில் உட்காரவைக்கக் கூடாது. அதற்காக முதியவர்களின் பன்னிரண்டு அறைகளை வியாழன் இரவிலிருந்தே எடுத்து வைத்தோம். அது கூடுதல் செலவு, மாப்பிள்ளையின் அப்பா முதலில் தயங்கினார், “வெறும் அறைக்கு ஒரு ராத்திரி வாடகையா தம்பி?” என்றார். வந்தவுடன் சாவியை வாங்கிக்கொண்டு அவருடைய அக்கா நேராகப் போய்ப் படுத்ததைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்றவர்களுக்கு ஒரு சிறு கூடமும் குளிக்க இரண்டு அறையும் காலைப் பலகாரமும் ஏற்பாடு.

கிராப் என்ற வாடகை வண்டி இங்கே எங்கும் கிடைக்கும். ஆனால் ஒரு வண்டியில் நாலு பேர், அழைக்கக் கைபேசியில் இணையம் வேண்டும், முகவரி தெரிய வேண்டும். எண்பது பேரை ஒரே நேரத்தில் அதை நம்பி விட முடியாது. இரண்டு பேருந்தும் ஒரு வேனும் நாள் முழுவதும் வாசலிலேயே நின்றன. எட்டுப் பேருக்கு ஒரு இளைஞர் பொறுப்பு, வண்டி கிளம்புமுன் தலையெண்ணுவது அவர் வேலை. அறைச் சாவியோடு கொடுத்த அட்டையில் விடுதிப் பெயர், மண்டப முகவரி, என் எண் மூன்றும் தமிழிலும் மலாயிலும் இருந்தன. வழி தவறினால் எந்த ஓட்டுநரிடமும் அதைக் காட்டினால் போதும். மலேசியாவில் மின்செருகி சதுரக் கால் மூன்று முனை, இந்தியச் செருகி பொருந்தாது. அறைக்கு ஒன்றாக மாற்றுச் செருகி வாங்கி வைத்தோம். சின்னச் செலவு, பெரிய நிம்மதி.

சாப்பாட்டில் சைவக்காரர்களைத்தான் கவனிக்க வேண்டியிருந்தது. விடுதியின் காலைச் சாப்பாட்டில் காய்கறி என்று வைத்திருக்கும் கங்கோங் கீரையில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, சேர்ந்திருக்கலாம். சம்பலில் நெத்திலி இருக்கும். பார்த்தால் தெரியாது. சமையல்காரரிடம் பேசி, தனி மேசையில் இட்லி, உப்புமா, தயிர் வைக்கச் சொன்னோம். சீனச் சைவக் கடைகளில் சோயாவில் கோழி, மீன் வடிவத்தில் செய்து வைத்திருப்பார்கள். அது சைவம்தான், ஆனால் பெரியவர்கள் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிடுவார்கள். அங்கே அழைத்துப் போகவில்லை.

ஞாயிறு அதிகாலை விடுதிக் காலைச் சாப்பாடு ஆரம்பிக்குமுன்பே எல்லாரும் கிளம்ப வேண்டும். 5.30க்குக் கூடத்தில் காப்பியும் பிஸ்கட்டும் வைக்கச் சொல்லியிருந்தோம். சர்க்கரை நோய்க்காரர்கள் வெறும் வயிற்றோடு மாத்திரை போட்டுக்கொண்டு மண்டபத்தில் எட்டரைவரை காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே. 6.15க்கு முதல் பேருந்து. தாலி கட்டும்போது எல்லாரும் உள்ளே இருந்தார்கள். பதினொன்றரைக்குப் பந்தி முடிந்து, பன்னிரண்டுக்குள் பெரியவர்கள் அறையில் படுத்துவிட்டார்கள். விடுதி பத்து நிமிடத்தில் இருந்ததன் முழுப் பயன் அந்த மதியம்தான். ஒரு பாட்டிக்கு இரத்த அழுத்தம் ஏறித் தலைசுற்றியது. வேனில் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, மாலை வரவேற்புக்குக் கிளம்பும் நேரத்துக்குள் திரும்பிவிட்டார். பயணக் காப்பீடு எடுத்திருந்தார்கள், ரசீதை வாங்கி வைத்தோம். அதே பாட்டி பத்து ஃபெரிங்கியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாப்பிள்ளையே என்னிடம் கேட்டார்.

திட்டத்தில் இடறியது மழை. ஆவணியிலிருந்து ஐப்பசிவரை பினாங்கில் மாலை மழை சாதாரணம். ஐந்து மணிக்குப் பிடித்துக்கொண்டது. மண்டப வாசலில் கூரை பேருந்து நிற்கும் இடம்வரை எட்டவில்லை, பட்டுச்சேலைகளோடு யாரும் இறங்க மாட்டேன் என்றார்கள். விடுதியில் இருந்த குடைகளை வேனில் கொண்டுவரச் சொல்லி, இரண்டிரண்டு பேராக இறக்க இருபது நிமிடம் போல ஆயிற்று. இப்போதெல்லாம் பெரிய குடைகளை முதல் நாளே மண்டபத்தில் வைத்துவிடுகிறேன்.

திங்கள் காலை சென்னை விமானம் பத்தரை மணி வாக்கில். அதில் போகிறவர்களுக்கு ஏழு மணிக்கு முன் பேருந்து கிளம்பியது. கடற்கரை விடுதிக்கு மாறியவர்கள் ஒன்பது அறைக்காரர்கள், பதினொரு மணிக்கு நிதானமாகப் போனார்கள். இன்னும் சிலர் மணமக்களோடு தண்ணீர்மலை முருகனைப் பார்க்கக் கிளம்பினார்கள். மேலே ஏற ஐந்நூறுக்கு மேல் படி. முடியாதவர்கள் அதே சாலையில் உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில் தரிசனம் செய்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கோலாலம்பூர் வழியாகத் திருச்சி திரும்புகிறவர்களுக்கு, கோலாலம்பூர் சென்ட்ரலை ஒட்டிய இந்தியர் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இரவு எடுத்துக் கொடுத்திருந்தோம். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, சென்ட்ரலிலிருந்து விமான நிலைய ரயில் அரை மணி நேரம். அவர்கள் புறப்பட்டபின் விடுதியில் உட்கார்ந்து காப்புத்தொகையைக் கணக்குப் பார்த்து வாங்கினேன். ஒரு அறைச் சாவி மட்டும் திரும்பவில்லை. அது சென்னை விமானத்தில் பெரியப்பாவின் சட்டைப்பையில் போயிருந்தது. மாப்பிள்ளையின் நண்பர் அடுத்த மாதம் வரும்போது கொண்டுவந்து கொடுத்தார்.